தாக்காமல் விட்ட நாள்

விடுதலைப் போர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை பிடிபட்ட நாளையும் கொடி ஏறிய நேரத்தையும் எழுதுகிறார்கள். தியன் பியன் பூ போரைப் பற்றி எழுதும்போதும் 1954 மே 7-ல்தான் எல்லோரும் போய் நிற்பார்கள். பிரெஞ்சுத் தளபதி பதுங்குகுழியிலிருந்து சிறைபிடிக்கப்பட்ட நாள் அது. படிக்கப் படிக்க எனக்கோ அதே ஆண்டின் ஜனவரி 26-தான் பெரிய நாளாகத் தெரிகிறது. அன்று தொடங்கவிருந்த தாக்குதலை வேண்டாம் என்று நிறுத்தினார், பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த வியட்மின் விடுதலைப் படையின் தளபதி வோ நுயென் ஜியாப்.

வியட்நாமின் வடமேற்கு மூலையில், லாவோஸ் எல்லைக்குப் பக்கத்தில், சுற்றிலும் மலைகள் நிற்கும் பள்ளத்தாக்கு தியன் பியன் பூ. நீளம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். 1953 நவம்பர் 20 அன்று பிரெஞ்சு வீரர்கள் அங்கே பாராசூட்டில் இறங்கினார்கள். தலைமைத் தளபதி நவாருடைய கணக்கு இதுதான்: லாவோஸுக்குள் போகும் வழியை அடைத்துவிட வேண்டும்; வியட்மின் படை அதை மீட்க வந்தால், திறந்தவெளியில் வைத்துப் பீரங்கியாலும் விமானத்தாலும் நொறுக்கிவிட வேண்டும். இதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. 1952 இறுதியில் நா சான் என்ற இடத்தில் இதே முறை பலித்திருந்தது. முட்டி மோதிப் பார்த்த ஜியாப்பின் படை பலத்த இழப்போடு திரும்பியிருந்தது. தியன் பியன் பூவுக்கு இருந்த பெரிய பலவீனம், ஹனோயிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி இருந்ததுதான். அரிசியும் தோட்டாவும் மருந்தும் வானத்தின் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

ஜியாப் எந்த ராணுவக் கல்லூரியிலும் படித்தவரில்லை. ஹனோய் பள்ளியொன்றில் வரலாறு சொல்லிக்கொடுத்த வாத்தியார். மனைவி பிரெஞ்சுச் சிறையில் இறந்துபோனார். மனைவியின் அக்காவை 1941-ல் பிரெஞ்சுக்காரர்கள் சுட்டுக்கொன்றார்கள். 1944 டிசம்பர் 22 அன்று காட்டுக்குள் அவர் அமைத்த முதல் படைப்பிரிவில் இருந்தது 34 பேர். இப்படிப்பட்ட மனிதருக்குப் பழிவாங்கும் அவசரம் இருந்திருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்த அவசரம் அவருக்கு இருந்தது என்றுதான் 1951-ஐப் பார்க்கும்போது தோன்றுகிறது. அந்த ஆண்டு செவ்வாற்றுச் சமவெளியில் வின் யென், மாவ் கே, தே ஆற்றங்கரை என்று மூன்று இடங்களில் தன் படையைத் திறந்தவெளியில் இறக்கினார். வானிலிருந்து நேபாம் கொட்டியது. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். மலையிலும் இரவிலும் வெல்லத் தெரிந்த படைக்குச் சமவெளியில் பகலில் நிற்கத் தெரியவில்லை. அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் கிராமத்துப் பையன்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஜனவரிக்கு வருவோம். ‘வேகமாக அடி, வேகமாக வெல்’ என்பதுதான் முதல் திட்டம். எதிரி இன்னும் காலூன்றவில்லை. மூன்று இரவு, இரண்டு பகலில் முடித்துவிடலாம். சீன ஆலோசகர்களும் இதைத்தான் சொன்னார்கள். ஜியாப்பின் தளபதிகளுக்கும் இதுவே பிடித்திருந்தது. 105 மில்லிமீட்டர் பீரங்கி ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல் எடை. அவற்றை நூற்றுக்கணக்கான கைகள் கயிறு கட்டி, இரவிரவாக, மலைச்சரிவில் அங்குலம் அங்குலமாக இழுத்துக்கொண்டு வந்திருந்தன. வீரர்கள் உற்சாகத்தின் உச்சியில் இருந்தார்கள். 25-ம் தேதி என்று குறித்த தாக்குதல் ஒரு நாள் தள்ளிப்போய் 26-ஆனது.

25-ம் தேதி இரவு ஜியாப் தூங்கவில்லை. தலைவலி பிளந்தது. நம்மூர் மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு மூலிகை இலையை மருத்துவர் நெற்றியில் வைத்துக் கட்டிவிட்டதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டோடு உட்கார்ந்துதான் யோசித்தார். தன் படை இதுவரை அரண் கட்டி உட்கார்ந்த ஒரு பட்டாலியனுக்கு மேல் எதையும் உடைத்ததில்லை. இங்கே பல பட்டாலியன்கள். பீரங்கியும் காலாட்படையும் சேர்ந்து இவ்வளவு பெரிய அளவில் போரிடுவது இதுவே முதல்முறை, ஒத்திகை கிடையாது. தன் ஆட்கள் இருட்டிலும் மறைவிலும் பழகியவர்கள். இங்கே பகலில், மறைப்பில்லாத வயல்வெளியில், விமானங்களுக்குக் கீழே நிற்க வேண்டியிருக்கும். அந்த மூன்றாவது காரணத்துக்குள் வின் யென் அப்படியே இருக்கிறது.

காலையில் சீனத் தலைமை ஆலோசகர் வெய் குவோசிங்கிடம் பேசி அவரைச் சம்மதிக்கவைத்தார். தன் தோழர்களைச் சம்மதிக்கவைப்பது அதைவிடக் கடினமாக இருந்தது. இத்தனை பேரைக் கிளப்பிவிட்ட பிறகு இப்போது நிறுத்தினால் வீரர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கிளம்பும்போது ஹோ சி மின் சொல்லி அனுப்பியதை ஜியாப் நினைவுபடுத்தினார்: உறுதியாக வெல்ல முடிந்தால் மட்டும் அடி, உறுதியில்லை என்றால் அடிக்காதே. நூற்றுக்கு நூறு வெல்வோம் என்று யாராவது சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு யாரிடமும் பதிலில்லை. தன் தளபதி வாழ்க்கையில் எடுத்த மிகக் கடினமான முடிவு இதுதான் என்று ஜியாப் கடைசிவரை சொல்லிவந்தார். பீரங்கிகளைத் திரும்ப இழுங்கள், காரணம் கேட்காதீர்கள் என்று ஆணை போனது.

இழுத்தார்கள். ஏற்றிக் கொண்டுவந்ததைவிட இறக்குவது ஆபத்து; பீரங்கி முன்னால் போகிறது, மனிதர்கள் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சறுக்குகிறார்கள். பிப்ரவரி 1 இரவு, செங்குத்தான ஒரு சரிவில் கயிறு அறுந்தது. விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்று பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தது. தோ வின் தியென் என்ற வீரர் அதன் சக்கரத்துக்குக் குறுக்கே விழுந்து நிறுத்தினார். பீரங்கி நின்றது, அவர் பிழைக்கவில்லை. இன்று வியட்நாமில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர் பெயர் தெரியும்.

இந்த இடத்தைத் தாண்டி என்னால் வேகமாகப் போக முடியவில்லை. தாக்குதலில் முன்னேறிச் செத்தவருக்கு எதற்காகச் சாகிறோம் என்பது கண்முன் தெரிந்திருக்கும். இவர் செத்தது ஒரு பின்வாங்கலில். ஏன் பின்வாங்குகிறோம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பாய்ந்து தாக்கச் சொல்வதற்குக் கோபம் துணைநிற்கும், கூட்டத்தின் வேகம் துணைநிற்கும். உயிரைக் கொடுத்து ஏற்றியதைத் திரும்ப இறக்கு என்று சொல்வதற்கு நம்பிக்கையைத் தவிர எதுவும் துணைக்கு வராது. அது அந்த இரவுக்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டும்.

அது எங்கே சேர்ந்தது? போர்க்களத்தில் மட்டும் சேரவில்லை. குத்தகை குறைந்திருந்தது, 1953 டிசம்பரில் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்திருந்தது, உழுதவன் மகன் தன் வயலுக்காகவும் சேர்த்தே துப்பாக்கி ஏந்தினான். வீரர்களுக்குப் பின்னால் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுமைதூக்கிகள், ஆணும் பெண்ணுமாக. ஏறத்தாழ 20 ஆயிரம் சைக்கிள்கள். சைக்கிளில் யாரும் ஏறி ஓட்டவில்லை. ஹேண்டில்பாரில் ஒரு மூங்கில் கழியை நீட்டிக் கட்டித் திருப்புவார்கள். சீட்டுக்குப் பின்னால் இன்னொரு கழியை நட்டுத் தள்ளுவார்கள். நடுவில் 200 கிலோவுக்கு மேல் அரிசி தொங்கும். வழியிலேயே தின்று தீர்ந்தது போக மிச்சம்தான் களத்துக்கு வரும். மூன்று நாள் போரை மாதக்கணக்காக நீட்டியபோது ஜியாப் இவர்கள் முதுகில்தான் அந்த மாதங்களை ஏற்றினார். அவர்கள் சுமந்தார்கள்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். ஜியாப்பின் டிவிஷன்கள் பள்ளத்தாக்கை நோக்கி நகர்வது நவாருக்கு டிசம்பர் தொடக்கத்திலேயே தெரியும். கோட்டையைப் பார்க்க அமைச்சர்கள் வந்தார்கள், அமெரிக்கத் தளபதி வந்தார்; பாராட்டிவிட்டுப் போனார்கள். பீரங்கிப் படைக்குப் பொறுப்பான கர்னல் பிரோத், எதிரியின் பீரங்கி மூன்று குண்டு போடுவதற்குள் அதை அடக்கிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். தவறான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று மேலே சொல்லப் பெரும்பாலோருக்கு வாய் எழவில்லை. காலனியப் படைத்தலைவர் பாரிஸுக்குப் பதில் சொல்கிறவர். பிரான்ஸின் கௌரவத்துக்குப் பதில் சொல்கிறவர். அவருக்குக் கீழே அல்ஜீரியரும் மொராக்கோக்காரரும் ‘தாய்’ இன மலைவாசிகளும் நிற்கிறார்கள். தங்களுடையதல்லாத ஒரு கௌரவத்துக்காக அவர்களை எத்தனை நாள் நிற்கவைக்க முடியும்? மார்ச் 17 அன்று தாய் பட்டாலியனின் வீரர்கள் பெரும்பாலும் அரணை விட்டு இறங்கிப் போய்விட்டார்கள்.

அதற்குள் போர் தொடங்கியிருந்தது. இடைப்பட்ட வாரங்களில் ஜியாப்பின் ஆட்கள் பீரங்கிகளை மலைச்சரிவுக்குள் குடைந்து பதுக்கியிருந்தார்கள். போலிப் பீரங்கிகளை வேறிடங்களில் வைத்துக் கண்கட்டினார்கள். மார்ச் 13 மாலை வெடிக்கத் தொடங்கியது. ‘பியாட்ரிஸ்’ குன்று ஒரே இரவில் விழுந்தது. இரண்டு நாளில் கர்னல் பிரோத் தன் பதுங்குகுழிக்குள் கையெறி குண்டை வெடிக்கவைத்து உயிரை விட்டார். மாதம் முடிவதற்குள் விமான ஓடுதளம் செத்தது. அதன்பிறகு மண்வெட்டிப் போர்: நூறு கிலோமீட்டருக்கும் மேல் வெட்டிய பதுங்குகுழிகள் கோட்டையை நெருக்கின.

நிதானமான திட்டம் என்பதால் ரத்தம் குறைந்துவிடவில்லை. அதை மறைத்து எழுதுவது பொய். ‘ஏ1’ குன்றில் மட்டும் வாரக்கணக்கில் மனிதர்கள் கரைந்தார்கள். ஏப்ரலில் வியட்மின் படையே சோர்ந்தது. இனி முடியாது என்ற பேச்சு எழுந்தது. மே 6 இரவு, அந்தக் குன்றுக்கு அடியில் குடைந்து ஏறத்தாழ ஒரு டன் வெடிமருந்து வைத்துத் தகர்த்த பிறகுதான் வழி பிறந்தது. மறுநாள் எல்லாம் முடிந்தது. அதற்கு மறுநாள், மே 8 அன்று, ஜெனீவாவில் இந்தோசீனா பற்றிய பேச்சு தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. அதே நவம்பர் 1 அன்றுதான் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

ஜனவரி 26 அன்று தாக்கியிருந்தால் தோற்றிருப்பார்களா என்று ராணுவ வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடலாம். எனக்குப் பெரிதாகத் தெரிவது, அந்த ஆணையை இடுவதற்கு ஒரு மனிதரும், அதற்குக் கீழ்ப்படிய ஊர் ஊராகத் திரண்ட மக்களும் இருந்தார்கள் என்பது. தலைவனின் அதிகாரம் மக்கள் கொடுத்த கடன். முன்னேறு என்று கத்தும்போது அந்தக் கடனின் அளவு தெரிவதில்லை. நிறுத்து என்று சொல்லும்போதுதான் எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள், இன்னும் எவ்வளவு கொடுப்பார்கள் என்பது தெரியவருகிறது.

அந்தக் கடன் பாழாகவும் முடியும். எந்த நிலச்சீர்திருத்தம் அந்த நம்பிக்கையை விதைத்ததோ, அதுவே அடுத்த இரண்டு ஆண்டுகளில் வெறியாட்டமாக மாறியது. நிலப்பிரபு என்று முத்திரை குத்தப்பட்டு ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சிறு விவசாயிகளும் உண்டு, விடுதலைக்காகப் போராடியவர்களும் உண்டு. 1956 அக்டோபரில் கட்சியின் தவறுகளை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு பேசும் பொறுப்பு ஜியாப்பின் மேல் விழுந்தது. தவறுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். தலைவர்கள் இதைச் செய்வது அபூர்வம். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் ஜனவரியில் தாக்குதலுக்கு முன்பே ‘நில்’ என்று சொன்னவர்கள், இம்முறை கொலைகளுக்குப் பிறகே சொன்னார்கள். அந்தக் குடும்பங்களுக்கு நிலத்தையும் பெயரையும் திருப்பிக் கொடுக்க முடிந்தது.