உஸ்தினாவுக்காக வாழ்ந்தவன்

வட ரஷ்யக் காடு ஒன்றில் பனி உருகுகிறது. காலம் 15ஆம் நூற்றாண்டு. போன வருஷத்து மட்கிய இலைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் பாட்டில்கள் தலைகாட்டுகின்றன. எவ்கேனி வொதலாஸ்கின் 2012இல் வெளியிட்ட 'லாவ்ர்' நாவலில் வரும் காட்சி இது. கவனப் பிழை என்று தள்ளிவிட முடியாது. எழுதியவர் அந்த நூற்றாண்டின் ஏடுகளோடு வாழ்கிற அறிஞர்.

கீவ் நகரில் 1964இல் பிறந்த வொதலாஸ்கின், 1990 முதல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் 'புஷ்கின் இல்லம்' ஆய்வு நிறுவனத்தில் பழைய ரஷ்ய இலக்கியத்தை ஆராய்ந்துவருபவர். திமித்ரி லிகச்சோவ் என்ற பேரறிஞரின் நிழலில் வளர்ந்தவர். தன் நாவலை 'வரலாற்று நாவல் அல்ல' என்று அட்டையிலேயே அறிவித்தும் விட்டார்.

கதை ஒரு குற்றத்தில் தொடங்குகிறது. 1440இல் பிறந்த அர்சேனி, மூலிகை வைத்தியரான தாத்தாவிடம் வளர்ந்தவன். கொள்ளைநோய் அழித்த ஊரிலிருந்து தப்பிவந்த உஸ்தினா என்ற பெண் அவனோடு தங்குகிறாள். திருமணம் ஆகவில்லை. அவள் கருவுற்றதும் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுகிறான். பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்க வேண்டுமென்று அவள் கேட்கக் கேட்கத் தள்ளிப்போடுகிறான், மருத்துவச்சியையும் அழைப்பதில்லை. பிரசவத்தில் தாயும் சேயும் இறக்கிறார்கள். அவளுடைய ஆன்மாவின் கதியைக் கெடுத்தவன் தானே என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே அவள் வாழாமல் விட்ட வாழ்க்கையைத் தான் வாழ்ந்து, அதன் நற்செயல்களை அவள் கணக்கில் சேர்க்க முடிவு செய்கிறான்.

இறந்துபோன ஒருவருக்காக இன்னொருவர் வாழ முடியுமா? இது நாவலாசிரியர் கற்பனையாகக் கிளப்பிய கேள்வி அன்று. அர்சேனி பிறப்பதற்கு முந்தைய ஆண்டில், 1439இல், ஃபிளாரன்ஸ் திருச்சபைச் சங்கத்தில் கத்தோலிக்கரும் கீழைத் திருச்சபையினரும் இறந்தோரின் நிலை பற்றி வாதிட்டு முடித்திருந்தார்கள். இறந்தோரைச் சுத்திகரிப்பதாகக் கத்தோலிக்கர் சொன்ன உத்தரிக்கிற ஸ்தலத்தின் நெருப்பைக் கீழைத் தரப்பின் எபேசு நகர ஆயர் மாற்கு ஏற்கவில்லை. சங்கத்தின் உடன்படிக்கையில் கையெழுத்திடவும் மறுத்தார். ஆனால் உயிரோடிருப்பவர்களின் வேண்டுதல் இறந்தோருக்கு உதவும் என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமில்லை. எப்படி உதவும் என்பதுதான் வழக்கு.

அப்படி இறந்தவருக்காக வாழ்ந்து காட்டியவர்களும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் க்சேனியா என்ற பெண்ணின் கணவர் ஆந்திரேய், அரசவைப் பாடகர், பாவசங்கீர்த்தனம் செய்யாமலே திடீரென்று இறந்தார் என்கிறது மரபு. அவருடைய சீருடையை அணிந்துகொண்டு, க்சேனியாதான் செத்துப்போனாள், ஆந்திரேய் உயிரோடிருக்கிறான் என்று சொல்லித் தெருத்தெருவாக அலைந்தாள் அந்தப் பெண். கிறிஸ்துவுக்காகப் பித்தர் வேடம் பூணும் அந்த வழியை ரஷ்யத் திருச்சபை 1988இல் அவளுக்குப் புனிதர் பட்டம் தந்து போற்றியது. அவளுடைய கல்லறை இருக்கும் வசீலியெவ்ஸ்கி தீவில்தான் புஷ்கின் இல்லமும் இருக்கிறது. நாவலில் அர்சேனியும் உஸ்தினாவின் பெயரை உஸ்தின் என்று சூடிக்கொண்டு ப்ஸ்கோவ் நகரில் பித்தனாகத் திரிகிறான்.

பிளாஸ்டிக் பாட்டிலுக்கான விடை வொதலாஸ்கினின் ஆய்விலேயே இருக்கிறது. பழைய ரஷ்யர்கள் உலக வரலாற்றை எப்படி எழுதினார்கள் என்பதே அவருடைய பெரிய ஆய்வின் பொருள். அந்த ஏடுகளை எழுதியவர்கள் ஒரு நிகழ்ச்சி அடுத்ததைப் பிறப்பித்தது என்று சங்கிலி கோப்பதில் அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. ஒவ்வொன்றும் நேரே கடவுளோடு தொடர்புடையது. பழைய ஏற்பாட்டில் நடந்தது புதிய ஏற்பாட்டில் நிறைவேறியது. கடவுளின் கண்ணுக்கு எல்லா நூற்றாண்டுகளும் ஒருசேரத் தெரியுமானால், உஸ்தினா 'போய்விட்டவள்' அல்ல, எட்டக்கூடியவள். காட்டில் கிடக்கும் அந்தக் குப்பை இந்த நம்பிக்கையைத்தான் வாதம் எதுவும் இல்லாமல் வாசகன் முன் வைக்கிறது. தத்துவ நூல் பல பக்கங்களில் சொல்ல வேண்டியதை நாவல் ஒரு வரியில் முடித்துவிட்டது.

அக்காலத்து மக்களுக்குக் காலம் தீர்ந்துபோகும் தேதியே தெரிந்திருந்தது. அவர்கள் கணக்கில் உலகம் படைக்கப்பட்டு 7000 ஆண்டுகள் நிறைவது 1492இல், அதோடு உலகம் முடியும் என்று நம்பினார்கள். ஈஸ்டர் அட்டவணைகள் அத்தோடு நின்றன. உலகம் முடியவில்லை, பெருநகர ஆயர் ஸோசிமா அடுத்த ஆண்டுகளுக்குப் புது அட்டவணை போட்டார்.

உஸ்தினா எட்டக்கூடியவள் என்றாலும் ஒரு கேள்வியை மழுப்பக் கூடாது. அர்சேனி ஆயுள் முழுவதும் உஸ்தினாவோடு பேசுகிறான். அவள் ஒரு முறைகூடப் பதில் சொல்வதில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது பாதிரியாரும் மருத்துவச்சியும் மட்டுமே. பிறகு எத்தனை ஆயிரம் பேரை அவன் குணப்படுத்தினாலும் அந்த இரண்டும் அவளுக்குக் கிடைக்கப்போவதில்லை. வொதலாஸ்கின் இதை மூடி மறைக்கவில்லை என்பதே நாவலின் நேர்மை. அவளுக்குப் பதிலாக ஒரு கனவையோ தரிசனத்தையோ பேசவைத்து அவனுக்கு ஆறுதல் கொடுத்திருந்தால் கதை பொய்யாகியிருக்கும்.

கடைசியில், லாவ்ர் என்ற துறவுப் பெயர் பெற்ற கிழவரிடம் கருவுற்ற ஓர் அநாதைப் பெண் அடைக்கலம் தேடி வருகிறாள். அவள் கருவுக்குக் காரணம் அவரே என்ற பழியை மறுக்காமல் ஏற்கிறார். அன்று அவமானத்துக்கு அஞ்சி ஒரு பெண்ணைச் சாகவிட்டவர், தன்னுடையதல்லாத அவமானத்தை இன்று சுமக்கிறார். அவர் கைகளில் குழந்தை உயிரோடு பிறக்கிறது. உஸ்தினா ரட்சிக்கப்பட்டாளா என்று நாவல் சொல்வதில்லை. அவர் மாறிவிட்டார் என்பதை மட்டும் சொல்கிறது. நம்பிக்கையுள்ளவரும் இல்லாதவரும் ஒருங்கே ஏற்கக்கூடிய இடம் அது. நாவலின் உச்சமும் அதுவே.

இறந்தபின் தன் உடலைக் கயிற்றால் கட்டிச் சதுப்புக் காட்டுக்கு இழுத்துப்போய் மிருகங்களுக்குப் போடச் சொல்கிறார் லாவ்ர். இதற்கும் ஏடுகளில் சான்று உண்டு. 1508இல் இறந்த துறவி நீல் சோர்ஸ்கி தன் மரண சாசனத்தில் ஏறக்குறைய இதையேதான் எழுதிவைத்தார்.