தொட்டியா, காற்றா?

பெரிய ஆர்க்கிட் தொட்டியின் விளிம்பைத் தாண்டி வேரைத் தொங்கவிட்டால், உடனே இன்னும் பெரிய தொட்டி தேடுகிறோம். பெரும்பாலும் குறை இடத்தில் இல்லை, உள்ளே இருக்கும் மரப்பட்டைத் துண்டுகளில். இரண்டு மூன்று ஆண்டுகளில் அவை மக்கிக் காற்றை அடைத்துவிடும். மரக்கிளையைப் பற்றி வாழ்ந்து பழகிய வேர் அது. சில நாள் வறட்சியைத் தாங்கும், மூச்சு முட்டினால் அழுகிவிடும். அளவுக்கு மீறிய தொட்டி ஈரத்தைத் தேக்கி அதே கேட்டைத்தான் செய்யும்.

தொட்டியில்லாமல் வேர் எப்படிப் பிழைக்கிறது என்று அறிய, ஆர்க்கிட்டுகளில் மிகப் பெரியதான புலி ஆர்க்கிட்டைப் பாருங்கள். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் 1861-இல் நட்ட செடி இன்றும் நிற்கிறது. அதன் வேர்களில் ஒரு பகுதி மேல்நோக்கி வளர்ந்து, கூடைபோலப் பின்னி, உதிரும் சருகைப் பிடித்துக்கொள்ளும். மக்கும் சருகே அதற்கு உணவு. (மொட்டை மாடியில் வளர்க்க ஆசைப்படாதீர்கள், முற்றிய செடியின் எடை டன் கணக்கில் போகும்.)

வீட்டில் வளரும் கேட்லியா வகை ஆர்க்கிட்டுக்குத் தொட்டி மாற்ற, புது வேர் தலைகாட்டும் சமயமே தோது. அழுகிய வேரை வெட்டிவிட்டு, பழைய தண்டைத் தொட்டியின் ஓரமாக வைத்து, புது முளைக்கு முன்னால் இடம் விடுங்கள். அந்த ஆண்டு பூக்காமல் போகலாம். அதற்காக உரத்தைக் கொட்ட வேண்டாம்.