தராசு ஒன்றா, இரண்டா?

உப்பும் புளியும் விற்கிறவனுக்கு உலக நீதி எதற்கு என்று நம்மவர்களில் சிலர் கேட்பதுண்டு. சர்வகலாசாலைகளில் நடக்கும் சர்வதேச அரசியல் பிரசங்கங்களுக்குக் கடைக்காரர்களும் போகலாமே என்று சொன்னால், சிரித்துவிட்டுக் கல்லாவில் சில்லறை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். அச்சிரிப்புக்குப் பதில் சொல்லவே இதை எழுதலானோம்.

உலக அரசியலை நாம் தேடிப் போகாவிட்டாலும் அது நம் கடைக்கு வந்துவிடுகிறது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்திய அரசு தடுத்தபோது, சிராங்கூன் கடைகளில் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, "அரிசி வருமா பாய்?" என்பதுதான். தன் நாட்டு ஏழைக்கு விலை ஏறலாகாது என்று ஓர் அரசு நினைப்பது நியாயமே. அதே அரிசியை நம்பி உலை வைத்த வேற்று நாட்டு ஏழை என்ன குற்றம் செய்தான்? ஆகஸ்ட் முடிவில் சிங்கப்பூருக்கு 50,000 டன் அனுப்ப அனுமதி கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் கேட்டுப் பெறுவதற்குப் பெயர் நீதியா, தயவா? இக்கேள்வியைத்தான் சர்வகலாசாலைப் பிரசங்கிகள் பெரிய வார்த்தைகளில் கேட்கிறார்கள்.

நிற்க. இப்பிரசங்கங்கள் எங்கோ நடப்பவை அல்ல. புக்கிட் தீமாவிலுள்ள லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளி, லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து ரயிலில் மூன்றே நிறுத்தம். பெயர் பதிந்துகொண்டால் பல பேச்சுகளுக்குக் கட்டணமும் இல்லை. நன்யாங் சர்வகலாசாலையிலுள்ள சர்வதேச ஆய்வுப் பள்ளியோ, 1965 முதல் 1980 வரை நம் நாட்டின் முதல் வெளியுறவு மந்திரியாயிருந்த யாழ்ப்பாணத்துத் தமிழர் எஸ். ராஜரத்தினத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. (அது தூரம். கடையை மூடிவிட்டுப் போனால் பேச்சு முடிந்திருக்கும்.)

நாடுகளுக்கிடையே நீதி என்று ஒன்று உண்டா, அல்லது வலுத்தவன் சொல்வதுதான் நீதியா? இவ்வழக்கின் பழைய கட்டு ஒன்று நம் கடற்கரையிலேயே அவிழ்ந்தது. 1603 பிப்ரவரி 25ஆம் தேதி, சாங்கிக்கு அப்பால் சாந்தா கத்தரீனா என்ற போர்த்துக்கீசியக் கப்பலை டச்சுக்காரர்கள் பிடித்தனர். அதிலிருந்த பட்டும் பீங்கானும் பிற சரக்கும் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போய் முப்பது லட்சம் கில்டருக்கு மேல் தந்தன. செய்தது கொள்ளையா, நியாயமா என்ற பேச்சு எழவே, டச்சுக் கம்பெனியார் குரோஷியஸ் என்ற இளம் வக்கீலைப் பிடித்தனர். அவர் எழுதிக் கொடுத்த நீண்ட வாதத்தின் ஒரு பகுதியே, கடல் எல்லாருக்கும் பொது என்று சொல்லி 1609இல் வெளிவந்த பிரசித்தி பெற்ற நூல். இன்று சர்வதேசச் சட்டத்தின் தந்தையரில் ஒருவர் என்று போற்றப்படுகிறவர், பிடித்த சரக்கை நியாயப்படுத்தப் பேனா எடுத்தவர். கொள்கை நல்லது, பிறந்த இடம்தான் சங்கடமானது.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இதற்கு நேர்மாறான ஒரு வரலாறு நினைவிருக்கும். மக்காவில் யமன் நாட்டு வியாபாரி ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவர் பணம் தர மறுத்தார். அந்நியருக்குப் பரிந்து பேச அங்கே கோத்திரம் இல்லை. அப்போது சில கோத்திரத்தார் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கமே நிற்போம் என்று செய்த உடன்படிக்கையே ஹில்ஃபுல் ஃபுளூல். நபித்துவத்துக்கு முன் அதில் கலந்துகொண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பிற்காலத்திலும் அதைப் பெருமையாகவே நினைவுகூர்ந்தார்கள். அங்கே பறித்தவனுக்காக வக்கீல் வைக்கவில்லை. பறிகொடுத்தவனுக்காக ஊர் கூடியது.

சிறு நாட்டுக்கு இது ஏட்டுப் பேச்சு அன்று. 1983 அக்டோபரில் கிரெனடா என்ற சின்னஞ்சிறு தீவில் அமெரிக்கா படை இறக்கியது. அமெரிக்கா சிங்கப்பூருக்கு நண்பன். இருந்தும் ஐ.நா. சபையில் அச்செயலை வருந்திக் கண்டித்த 108 நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. நண்பனுக்கும் அதே படிக்கல்தான் என்று காட்டிய நாள் அது.

கம்போடிய விஷயமோ அவ்வளவு எளிதாக நிறுக்கக் கூடியதன்று. போல் பாட்டின் ஆட்சியில் 15 முதல் 20 லட்சம் மக்கள் மாண்டார்கள். வியட்நாமியப் படை புகுந்து 1979 ஜனவரியில் அவ்வாட்சியை விரட்டியது. அந்நியப் படை அமைத்த அரசை ஒப்புக்கொண்டால் நாளை எந்தச் சிறு நாடும் மிஞ்சாது என்று சிங்கப்பூரும் ஆசியான் நாடுகளும் வாதாடின. வாதம் சரியே. ஆனால் அதன் பலனாக, கொன்றவர்களின் பிரதிநிதியே ஐ.நா. நாற்காலியில் தொடர்ந்து உட்கார்ந்தார்! பிள்ளைகளை வதைக்கிறவன் வீட்டுக் கதவை அண்டை வீட்டான் உடைத்தான். உடைத்தவன் பத்தாண்டு அங்கேயே குடியிருந்தான். கதவை உடைத்ததை நம்மால் குறை சொல்ல முடியவில்லை, தங்கியதைச் சொல்லலாம். அதற்காக வீட்டுப் பத்திரத்தை வதைத்தவன் கையிலேயே கொடுப்பதா? நாற்காலியைக் காலியாக விட்டிருக்கலாம் என்பதே நமது அபிப்பிராயம். 1979இல் ஹவானாவில் கூடிய அணிசேரா நாடுகள் அப்படித்தான் விட்டன. படிக்கல் சரியாயிருந்தால் மட்டும் போதாது; தட்டில் இருப்பது என்னவென்றும் பார்க்க வேண்டும்.

இனி இன்றைய காலம். 2022 மார்ச்சில் ரஷ்யாவின் உக்ரேன் படையெடுப்பை ஐ.நா. சபையில் 141 நாடுகள் கண்டித்தன. சிங்கப்பூர் ஆதரித்தது, இந்தியாவும் இலங்கையும் ஒதுங்கின. 2023 டிசம்பரில் காஸாவில் போர் நிறுத்தம் கோரிய தீர்மானத்துக்கு 153 நாடுகள் கை தூக்கின. உக்ரேனுக்காக உரத்துப் பேசிய அமெரிக்கா எதிர்த்தது. பிரிட்டனும் ஜெர்மனியும் ஒதுங்கின. உக்ரேனைத் தாக்கிய ரஷ்யாவோ காஸாவுக்காகக் கை தூக்கியது! வாங்க ஒரு தராசு, விற்க ஒரு தராசு. நம் தொழிலில் இப்படிச் செய்தால் அபராதம் கட்டவேண்டும்.

பெரிய நாடுகளைச் சொல்லிவிட்டு நம்மவரைச் சொல்லாமல் விடுவது முறையன்று. காஸாவுக்காக நம் வட்டாரத்தில் உண்டியல் நிறைந்தது, நிறையவும் வேண்டும். 2023 ஏப்ரலில் சூடானில் மூண்ட போரில் முஸ்லிமை முஸ்லிமே கொன்றபோது அதே உண்டியல் எத்தனை முறை சுற்றி வந்தது? உக்ரேனியத் தாய்க்காகக் கடைவாசலில் பேசியவர் எத்தனை பேர்? கொல்லப்பட்டவன் நம்மவனா என்று பார்த்துக் கலங்குவதும், கொன்றவன் நம்மவனா என்று பார்த்து மௌனிப்பதும் அமெரிக்காவுக்கு மட்டும் உரிய பழக்கமன்று.

பிரசங்கங்கள் ஆங்கிலத்தில் நடப்பது நம் போன்றவருக்கு இடைஞ்சல்தான். ஆனால் நம் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். மாதம் ஒருவர் ஒரு பேச்சைக் கேட்டுவந்து, ஞாயிறு மாலை சங்கக் கூடத்தில் அரை மணி நேரம் தமிழில் சொல்லட்டும். குறுக்குக் கேள்விகளை நாம் கேட்கிறோம். தேநீரும் பணியாரமும் சிராங்கூன் கடைக்காரர்கள் செலவு. சங்கச் செயலாளர் தேதியை மட்டும் குறிப்பாராக.