பிள்ளையை வைத்துப் பெற்றோரை அளக்கலாமா?



பன்னிரண்டாம் வகுப்பு தேர்வு முடிவு வந்த வாரம், ஒரு தகப்பனார் தலைநிமிர்ந்து ஜும்ஆவுக்கு வருகிறார். இன்னொருவர் ஸலாம் கொடுத்ததும் யார் கண்ணிலும் படாமல் கிளம்பிவிடுகிறார். மார்க்கானாலும் நடத்தையானாலும், பிள்ளையை வைத்தே பெற்றோரை அளக்கிறோம். இது சரியா?

நூஹ் (அலை) அவர்கள் 950 ஆண்டுகள் தம் சமூகத்தாரிடையே வாழ்ந்த நபி. அவர்களின் மகன் கப்பலில் ஏற மறுத்து மூழ்கினான். ஆஸர் சிலைகளை வணங்கியவர். அவருடைய மகன் இப்ராஹீம் (அலை) அல்லாஹ்வின் உற்ற தோழர். பிள்ளையை வைத்துத் தீர்ப்புச் சொன்னால், நூஹ் நபி தோற்றார், ஆஸர் வென்றார் என்றல்லவா ஆகிவிடும்!

அப்படியானால் பெற்றோருக்குக் கேள்வி கணக்கே இல்லையா? உண்டு. நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி நாம் விசாரிக்கப்படுவோம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். கல்வராயன் மலையில் மழை பெய்தால்தான் நம் கோமுகி அணை நிரம்பும். மழை நம் கையில் இல்லை. ஆனால் வாய்க்காலைத் தூர் வாராதவர் மழையைக் குறை சொல்ல முடியாது.

மலைபோல் அலை எழுந்த நேரத்திலும், மறுத்து நின்ற மகனை நூஹ் நபி பாசச் சொல்லால்தான் அழைத்தார்கள். இன்றிரவு நம்மை நாமே கேட்போம்: மார்க் குறைந்த அன்று என் பிள்ளையை எந்தச் சொல்லால் கூப்பிட்டேன்? தவறு செய்தால் பயமின்றி என்னிடம் வந்து சொல்வானா? அவன் ஹிதாயத்துக்காக துஆ செய்தேனா?

ஒதுங்கிப் போகும் அந்தத் தகப்பனாருக்கு ஸலாம் சொல்லி, பக்கத்தில் உட்காருங்கள். தீர்ப்பு அல்லாஹ்வுடையது.

நம் பிள்ளைகளை அல்லாஹ் ஸாலிஹானவர்களாக ஆக்குவானாக! ஆமீன்.