செங்கல் மேல் காத்திருக்கும் தெய்வம்!



எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஸ்வாமி தரிசனத்துக்காக நாம்தான் வரிசையில் காத்திருப்போம். பண்டரிபுரத்திலோ, காத்திருப்பவர் சாட்சாத் பகவான்! இடுப்பில் இரு கைகளையும் ஊன்றியபடி, ஒரு செங்கல்லின் மேல் நிற்கிறான் பாண்டுரங்கன். யாருக்காக? பெற்றோருக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்காக!

மகாராஷ்டிர மாநிலம், சோலாப்பூர் மாவட்டத்தில் பீமா நதிக்கரையில் இருக்கிறது இந்தத் தலம். பிறைச்சந்திரன் போல இங்கே வளைந்து ஓடுவதால், நதிக்குச் சந்திரபாகா என்று திருநாமம். ஆஷாட ஏகாதசிக்காக ஆளந்தி, தேஹு ஆகிய ஊர்களிலிருந்து பல நாட்கள் நடந்தே வருகிறார்கள் வார்கரி பக்தர்கள். சந்திரபாகாவில் நீராடி, முதலில் புண்டலீகனின் சந்நிதியை வணங்கிவிட்டுத்தான் விட்டலனிடம் போவது வழக்கம். அவர்கள் எழுப்பும் கோஷத்திலும் புண்டலீகன் பெயர்தான் முதலில் வரும். பகவான் பெயர் அதற்குப் பிறகே!

இத்தனை பெருமை பெற்ற புண்டலீகன், ஆரம்பத்தில் எப்படி இருந்தான் தெரியுமா?

குதிரையில் பிள்ளை... நடையில் பெற்றோர்!

ஜானுதேவர் - சத்யவதி தம்பதியின் அருமை மகன் அவன். கல்யாணமான பிறகு பெற்றோரை மதிக்கவே இல்லை. வீட்டில் நிம்மதி இழந்த அந்த முதியவர்கள், 'காசிக்காவது போவோம்' என்று யாத்ரீகர்களுடன் கிளம்பினார்கள். புண்டலீகனும் மனைவியுடன் சேர்ந்துகொண்டான். இளையவர்கள் இருவரும் குதிரையில். தள்ளாத வயதில் தாயும் தந்தையும் நடையில்! பொழுது சாய்ந்து தங்கும் இடத்தில், குதிரைக்கு உடம்பு தேய்த்துவிடும் வேலையும் பெற்றோருக்குத்தான்.

வழியில் குக்குட முனிவரின் ஆசிரமத்தில் தங்கினார்கள். விடியற்காலையில் புண்டலீகன் ஓர் அதிசயம் கண்டான். அழுக்கு ஆடையுடன் சில பெண்கள் வந்தார்கள். ஆசிரமத்தைப் பெருக்கி, தண்ணீர் தெளித்துச் சுத்தம் செய்தார்கள். திரும்பும்போது அவர்களின் ஆடைகள் பளிச்சென்று வெளுத்திருந்தன! 'தாயே, நீங்கள் யார்?' என்று காலில் விழுந்தான். 'கங்கை, யமுனை முதலான நதிகள் நாங்கள். உன்னைப் போன்றவர்கள் வந்து கரைக்கும் பாவம்தான் எங்கள் ஆடையில் அழுக்காகப் படிகிறது. பெற்றோரைத் தெய்வமாக வணங்கும் இந்த முனிவருக்குத் தொண்டு செய்து அதைப் போக்கிக்கொள்கிறோம்' என்றார்கள்.

புண்டலீகன் நடுநடுங்கிப் போனான். பெற்றோரைக் குதிரையில் ஏற்றினான். அன்று முதல் அவர்களுக்குப் பணிவிடை செய்வதே அவனுடைய பூஜை ஆயிற்று. அதைக் காண பகவானே வாசலில் வந்து நின்றபோதும் அவன் எழவில்லை. 'பெற்றோர் சேவை முடியட்டும்' என்று சொல்லி, நிற்பதற்கு ஒரு செங்கல்லைத் தள்ளிவிட்டான். பகவானும் கோபிக்கவில்லை, நின்றார். இன்றும் நிற்கிறார்!

நம் வீட்டுக் குதிரை எது?

சகோதரிகளே, அந்த யாத்திரையில் புண்டலீகன் பெற்றோரை அடிக்கவில்லை. நடக்கவிட்டான், அவ்வளவுதான். கொடுமை என்றால் கை ஓங்குவது மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். பென்ஷன் வந்ததும் ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொள்வது, மாத்திரை தீர்ந்து நாலு நாளாகியும் கவனிக்காமல் இருப்பது, 'ராத்திரி எழுப்புவார்' என்று குடிக்கத் தண்ணீரைக் குறைப்பது, விருந்தாளி வந்தால் உள்ளறைக்கு அனுப்பிவிடுவது, நாள் கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது... எல்லாமே கொடுமைதான். அவர்களை நடக்கவிட்டு, நாம் குதிரையில் போவதுதான்!

இன்னொன்றையும் கவனியுங்கள். கால் பிடித்துவிட்டவன் மகன்! மருமகளிடம் அந்தப் பொறுப்பைத் தள்ளிவிட்டு அவன் பூஜையறைக்குள் போய் உட்காரவில்லை. படுக்கையில் இருக்கும் மாமியாரைத் தனியாகத் தூக்கிக் குளிப்பாட்டி, சமையலையும் பார்த்து, இடுப்பு ஒடிந்து போகிற சகோதரிகள் எத்தனையோ பேர். அந்தக் களைப்பில்தான் சுடுசொல் வந்துவிடுகிறது. எனவே, கணவரிடமும் நாத்தனார், கொழுந்தனாரிடமும் தயங்காமல் உதவி கேளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது அவர்கள் பொறுப்பேற்கட்டும். சேவையைப் பங்கிட்டால் புண்ணியம் குறையாது!

சட்டமும் துணை நிற்கிறது

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ம் ஆண்டு வந்தது. தம்மைப் பராமரித்துக்கொள்ள வசதியில்லாத பெற்றோரைக் காப்பது மகன், மகள் இருவருக்குமே கடமை என்கிறது அது. தமிழகத்தில் ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து மாதாந்திரத் தொகை கேட்கலாம். 60 வயது கடந்தவர்களை, பராமரிக்க வேண்டியவர்களே எங்கேயோ கொண்டுபோய்க் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இதைப் படிப்பவர்களில் மாமியார்களும் பாட்டிகளும் இருப்பீர்கள். பாசத்தில் வீட்டை எழுதிக் கொடுக்க நினைத்தால், 'கடைசிவரை என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதி வாங்கியவர் கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்க இந்தச் சட்டத்தின் 23-வது பிரிவில் இடமிருக்கிறது. இது பிள்ளைமேல் சந்தேகப்படுவது ஆகாது. நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் வேலி.

குத்துவிளக்குக் குழுவுக்கு ஒரு கைங்கர்யம்

வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கும் பாராயணத்துக்கும் ஒன்றுகூடுகிறீர்கள் அல்லவா? உங்கள் தெருவில் யார் யார் தனியாக இருக்கும் முதியவர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கோயில் பிரசாதத்துடன் இருவராகப் போய் வாருங்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். முடிந்தவர்களைக் கைபிடித்துக் கோயிலுக்கு அழைத்து வாருங்கள்.

தினமும் வாசலுக்கு வந்தவர் திடீரென்று வருவதில்லையா? உடம்பு துரும்பாக இளைத்துவிட்டதா? கையில் காயம் தெரிகிறதா? பிள்ளை பக்கத்தில் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறாரா? 'அடுத்த வீட்டு விஷயம்' என்று ஒதுங்காதீர்கள். தனியாக, மெதுவாக அவரிடமே கேளுங்கள். அவர் கஷ்டத்தைச் சொன்னால், மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச எண்ணில் வழி கேளுங்கள். உயிருக்கே ஆபத்து என்றால் உடனே 112.

ஆண்டுதோறும் ஜூன் 15-ம் தேதி, முதியோர் கொடுமைக்கு எதிரான விழிப்புணர்வு நாளாக உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. நம் வீட்டுக்கோ ஒவ்வொரு நாளும் அந்த நாள்தான்.

நாளைக் காலை நீங்கள் பூஜையில் இருக்கும்போது, உள்ளறையிலிருந்து 'அம்மாடி, கொஞ்சம் வெந்நீர் தாயேன்' என்று குரல் கேட்கலாம். மணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போங்கள். ஸ்வாமி குறையாக நினைக்க மாட்டார். காத்திருந்து பழக்கப்பட்டவர் அவர்!

பாண்டுரங்கன் அருளால், பெரியவர்களின் ஆசி உங்கள் இல்லத்தில் என்றும் நிறைந்திருக்கட்டும்!