உட்கார வைப்பதன் நியாயம்

பயிற்சியாளரின் கையில் இருக்கும் அதிகாரங்களில் மிகக் கூர்மையானது, யார் ஆடுவது என்று முடிவு செய்யும் அதிகாரம். மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொல்லலாம், எல்லோர் முன்னிலையிலும் திட்டலாம். நட்சத்திர ஆட்டக்காரருக்கு இவை பெரிதாக உறைப்பதில்லை. அணி ஆடிக்கொண்டிருக்கும்போது ஓரத்துப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பது உறைக்கும். ஆனால் அந்தத் தண்டனை அவரோடு நின்றுவிடாது. அவர் இல்லாமல் அணி தோற்றால், கோபமே படாத மற்றவர்களும் சேர்ந்து விலை கொடுக்கிறார்கள். ஆத்திரத்தில் கையோங்கிய நட்சத்திரத்தை உட்கார வைப்பது சரிதானா என்ற கேள்வி இதனால்தான் கடினமாகிறது.

2009 செப்டம்பர் 3 இரவு, அமெரிக்காவின் பாய்சி நகரில் கல்லூரி அணிகளுக்கிடையே ஓர் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் நடந்தது. பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழக மைதானத்தின் செயற்கைப் புல்தரை பச்சையாக இருக்காது; பளிச்சென்ற நீலம். அந்த நீலத் தரையில் ஓரிகன் பல்கலைக்கழக அணி 19-8 என்று தோற்றது. ஓரிகனின் நட்சத்திரம் லெகாரெட் பிளவுன்ட், முந்தைய பருவத்தில் பந்தை ஏந்தி ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஓடி, எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்க்கும் டச்டவுனை 17 முறை எடுத்தவர். அன்று எட்டு முறை ஓடியும் அவர் கணக்கில் மைனஸ் ஐந்து கெஜம். எதிரணி அவரை முன்னே விடவில்லை, பின்னுக்குத்தான் தள்ளியது.

ஆட்டம் முடிந்ததும் பாய்சி அணியின் பைரன் ஹவுட் ஓடிவந்து அவர் தோளில் தட்டி, முகத்துக்கு நேரே சீண்டினார். பாய்சி பயிற்சியாளர் கிறிஸ் பீட்டர்சன் உடனே ஹவுட்டைப் பிடித்து இழுத்தார். ஹவுட்டின் கண் தன் பயிற்சியாளர் பக்கம் திரும்பிய அந்த நொடியில், பிளவுன்டின் குத்து தாடையில் இறங்கியது. ஹவுட் தரையில் சரிந்தார். பிளவுன்டின் ஆத்திரம் அத்தோடு அடங்கவில்லை. தடுக்க வந்த தன் அணிக்காரர் மீதும் கை வைத்தார். பார்வையாளர்களை நோக்கிப் பாய்ந்தவரைப் போலீஸாரும் அணியினரும் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்கள். அன்றிரவே அவர் மன்னிப்புக் கேட்டார்.

தலைமைப் பயிற்சியாளராகச் சிப் கெல்லிக்கு அதுதான் முதல் ஆட்டம். மறுநாளே அவர் பிளவுன்டைப் பருவம் முழுவதற்கும் நீக்கினார். பிளவுன்ட் கடைசி ஆண்டு மாணவர் என்பதால், கல்லூரி ஆட்டமே அவருக்கு முடிந்தது என்று அதற்குப் பொருள். அதே சமயம் கெல்லி கல்வி உதவித்தொகையைப் பறிக்கவில்லை. அணியோடு பயிற்சி செய்யவும் விட்டார்.

இப்படிப்பட்ட தண்டனைக்குப் பொதுவாக மூன்று நியாயங்கள் சொல்வார்கள். மற்றவர்களுக்குப் பாடம் என்பது ஒன்று. இதில் வலு குறைவு. ஓர் ஆளைப் பிறருக்கான அறிவிப்புப் பலகையாக்குவது, அவர் செய்த தவற்றுக்கு மேல் அவரிடம் வசூலிப்பது ஆகும். தண்டிக்கப்பட்டவர் திருந்துவார் என்பது இன்னொன்று. பிளவுன்டின் கதை இதையும் முழுதாகத் தாங்கவில்லை. 2010இல் தொழில்முறை அணி ஒன்றின் பயிற்சி முகாமில் அவர் மறுபடியும் சக ஆட்டக்காரர் மீது கையோங்கினார். கோபம் ஒரு பருவத்துப் பெஞ்சில் கரைந்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

நிற்கும் நியாயம் மூன்றாவதுதான். அடி வாங்கியவருக்கும், அடக்கிக்கொண்டு நின்றவர்களுக்கும் அணி கடன்பட்டிருக்கிறது. அன்றிரவு ஓரிகன் அணியில் தோற்றவர் பிளவுன்ட் மட்டும் அல்ல. அவருக்கு வழி திறக்க மோதி மோதி உடம்பு நொந்தவர்களும் தோற்றார்கள். யாரையும் அடிக்காமல் அறைக்குத் திரும்பினார்கள். அடுத்த வாரம் எதுவும் நடக்காதது போல பிளவுன்ட் களமிறங்கியிருந்தால், அவர்களுடைய அடக்கத்துக்கு அங்கே மதிப்பே இல்லை என்றாகியிருக்கும். திறமை அதிகம் என்பதற்காக விதி தளர்ந்தால், திறமை குறைந்தவர்கள் மட்டுமே ஒழுக்கத்தின் சுமையைத் தாங்குகிறார்கள். இது வெளிப்படையான அநீதி.

சீண்டப்பட்டார் என்பது எதிர்வாதம். அதில் உண்மை இருக்கிறது. தோற்றவனின் காயத்தில் விரலை விடுபவன் நல்லவன் அல்ல. இதே கேள்வி கால்பந்திலும் எழுந்தது. 1995 ஜனவரி 25 அன்று லண்டனில், சிவப்பு அட்டை பெற்று வெளியேறிக்கொண்டிருந்த மான்செஸ்டர் யுனைடெட்டின் எரிக் கன்டோனா, தன்னை வசைபாடிய பார்வையாளர் மீது தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து உதைத்தார். அவருடைய கிளப் பருவம் முடியும்வரை அவரை விலக்கியது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அதைச் செப்டம்பர் இறுதிவரை நீட்டித்தது. அந்தப் பருவத்தில் யுனைடெட் ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை பிளாக்பர்னிடம் இழந்தது. சீண்டல் தண்டனையின் அளவைக் குறைக்கலாம், தண்டனையையே இல்லாமல் செய்யாது. எவ்வளவு சீண்டினாலும், கையோங்கும் முடிவு ஓங்கியவருடையதுதான். சீண்டியவரையும் அவருடைய அணி கேட்க வேண்டும் என்பது இதோடு சேர்ந்த கடமை. ஹவுட்டை அவருடைய அணி இடைநீக்கம் செய்யவில்லை. அந்தப் பக்கத் தராசு அன்று போதுமான அளவு இறங்கவில்லை.

மிகச் சிக்கலான பகுதி அதன்பிறகு வந்தது. நவம்பரில், எட்டு ஆட்டங்கள் கடந்த நிலையில், கெல்லி தன் முடிவை மாற்றிக்கொண்டார். படிப்பிலும் நடத்தையிலும் விதித்த நிபந்தனைகளை பிளவுன்ட் நிறைவேற்றியதாகக் கூறி அவரைத் திரும்பச் சேர்த்தார். டிசம்பர் 3 அன்று ஓரிகன் ஸ்டேட்டுக்கு எதிராக பிளவுன்ட் களமிறங்கி டச்டவுன் எடுத்தார். 37-33 என்று வென்ற ஓரிகன், பருவ இறுதியில் நடக்கும் புகழ்பெற்ற ரோஸ் பவுல் ஆட்டத்துக்குத் தகுதி பெற்றது. பெரிய ஆட்டங்கள் நெருங்கியதும் கண்டிப்பு கரைந்துவிட்டது என்ற விமர்சனம் எழுந்ததில் வியப்பில்லை.

அந்த விமர்சனத்தை உரைத்துப் பார்க்க ஒரு வழி உண்டு: நட்சத்திரம் இல்லாமல் அணி தள்ளாடியதா? இல்லை. அவர் ஆடாத பத்து ஆட்டங்களில் ஒன்பதை ஓரிகன் வென்றது. அவர் இடத்துக்கு வந்த முதலாண்டு ஆட்டக்காரர் லமைக்கேல் ஜேம்ஸ் அந்தப் பருவத்தில் 1,500 கெஜத்துக்கு மேல் ஓடினார். திரும்ப அனுமதித்த பின்னும் இரண்டு ஆட்டங்களில் பிளவுன்ட் களமிறங்கவில்லை. வெற்றிக்கு ஆளில்லாமல்தான் கெல்லி அவரை அழைத்தார் என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் தரவில்லை. தவறு செய்த மாணவன் உழைத்துத் திரும்பும்போது கதவைத் திறப்பது பலவீனமும் ஆகாது.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. குத்து விழுந்து ஒரு நாள்கூட முழுதாக ஆகும் முன், ஓர் இளைஞனின் கல்லூரி ஆட்டத்தையே முடித்துவைக்கும் தண்டனை அறிவிக்கப்பட்டது. சூடு தணியாத நேரத்தில் சொல்லப்பட்ட முடிவு, பிறகு குறைக்கப்பட்டபோது இரண்டு முறை சந்தேகத்துக்கு ஆளானது: முதலில் அதிகம் என்று, பின்னர் குறைவு என்று. தடையில் கழிந்த எட்டு ஆட்டங்கள் ஒரு குத்துக்குப் போதுமான தண்டனைதான். கெல்லி செப்டம்பர் 4 அன்று 'பருவம் முழுவதும்' என்று சொல்லாமல், திரும்பி வர என்னென்ன செய்ய வேண்டும் என்பதை அன்றைக்கே சொல்லி, அதுவரை ஆட்டம் கிடையாது என்று அறிவித்திருக்க வேண்டும்.