தீராநோயும் நம் வினாவும்

நெடுநாட் பிணியாளரைக் கண்டவுடன் “யாது உண்டமையால் வந்தது?” என வினவுதல் நமக்கு இயல்பாயிற்று. அவ்வினா நோயினுங் கொடிதென்பதை யான் பிந்தியே அறிந்தேன்.

என் வகுப்பில் ஒரு மாணவன் பாடவேளையில் ஒளித்துக் கற்கண்டு தின்றான். எழுப்பி நிறுத்தினேன். கை நடுங்க, வியர்வை சொரிய நின்றான். சிறுவயதிலேயே நீரிழிவுற்றவனென அதன்பின்னரே தெரிந்தது. சிறாரைப் பெரும்பாலும் பற்றும் அவ்வகை நீரிழிவில், உடலின் நோயெதிர்ப்புச் சத்தியே சதையியில் இன்சுலின் சுரக்குங் கலங்களை அழிக்கின்றது, இனிப்புண்டமையால் வருவதன்று. 1922இல் ரொறன்ரோ நகரிலே இன்சுலின் மனிதருக்கு முதன்முதல் ஏற்றப்படுமுன் இத்தகைய சிறார் நெடுநாள் உய்ந்திலர். இன்று நாடோறும் இன்சுலின் ஏற்றி வாழ்கின்றனர். அளவு மிகின் குருதியில் வெல்லங் குன்றும், அப்போது கற்கண்டே மருந்து.

வினைப்பயனென்று ஒருவன் தன் நோயைப் பொறுத்தல் தகும். பிறன் நோய்க்கு அதனைக் கூற நாம் யார்?

“முன்னமே சொல்லாததென்னை?” என்றேன்.

“சொன்னால், என்ன தின்றாய் என்று எல்லாருங் கேட்பார்கள், ஐயா” என்றான்.